நாஸ்டர்ஷியம்: விதை ஊறவைப்பதிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை

இலையையும் பூவையும் பச்சையாகவே சாப்பிடக்கூடிய நாஸ்டர்ஷியம் என்ற பூச்செடியின் விதையைப் போன கார்த்திகையில் ஆறு வீடுகளுக்குக் கொடுத்தேன். இரண்டு வீட்டில் நன்றாகப் பூத்தது. இரண்டில் காடு மாதிரி இலை வந்தது, பூ வரவில்லை. ஒரு வீட்டில் விதை மண்ணிலேயே அழுகிப்போனது. இன்னொன்றில் தொட்டியை நிறைத்து வளர்ந்த செடி ஒரே வாரத்தில் வெந்ததுபோலச் சாய்ந்தது. தோற்ற நான்கு வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். நான்கு பேருமே தக்காளிக்கும் கத்தரிக்கும் செய்கிற கைப்பக்குவத்தை அப்படியே இதற்கும் செய்திருந்தார்கள். மூன்று நாள் ஊறவைத்தது, வாரா வாரம் உரம் ஊற்றியது, வாடியதைக் கண்டதும் தண்ணீர் ஊற்றியது என்று எல்லாமே அக்கறையில் செய்த வேலைகள். இந்தச் செடிக்கு அந்த அக்கறை ஆகாது.

நான் வளர்ப்பது கோயம்புத்தூரில், மொட்டை மாடியில், தொட்டிகளில். கீழே வரும் தேதிகளும் அளவுகளும் அந்த அனுபவத்தை வைத்துத்தான். தரைத்தோட்டம் இருப்பவர்களுக்கும் முறை இதுவே, மண் கலவை மட்டும் எளிதாகும்.

1. வாங்கும்போதே பெயரைச் சரிபாருங்கள்

நாஸ்டர்ஷியம் என்ற பெயரில் இரண்டு செடிகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது டிரோப்பியோலம் மேஜஸ். வட்டமான இலை, ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு நிறப் பூ, பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குழல். தண்ணீரில் வளரும் வாட்டர்கிரெஸ் என்ற கீரைக்கு அறிவியல் பேரினப் பெயரே நாஸ்டர்ஷியம்தான். இணையத்தில் விதை வாங்கும்போது இந்தக் குழப்பம் நடக்கிறது.

தெரிந்துகொள்ள சுலபமான வழி விதையின் அளவு. நம் செடியின் விதை காய்ந்த பட்டாணி அளவில், மூளை மாதிரி சுருக்கம் விழுந்து, வெளிர் பழுப்பாக இருக்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் கடுகைவிடச் சின்னதாகத் தூள் போல விதை கொட்டினால் அது கீரை விதை.

விதையின் மேல் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது. சாப்பிட வளர்ப்பதென்றால் பூசாத விதையைக் கேட்டு வாங்குங்கள். நர்சரியில் பூத்த நிலையில் வாங்கிய செடியையும் உடனே வாயில் வைக்காதீர்கள். அலங்காரச் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பது விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்.

ஊட்டி, கொடைக்கானல் போனால் வேலி ஓரங்களில் இது தானாகப் படர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே கீழே உதிர்ந்த விதை நாலைந்து பொறுக்கி வந்து முளைக்கவைப்பதில் தவறில்லை. சாலையோரத்து இலையையும் பூவையும் மட்டும் பறித்துத் தின்ன வேண்டாம்.

வகையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புதராக நிற்கும் குட்டை ரகம் ஓரடி உயரத்தோடு நின்றுவிடும். 'அலாஸ்கா' என்பது வெள்ளைத் தெளிப்பு விழுந்த இலையுள்ள குட்டை ரகம். 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' கருநீலப் பச்சை இலையும் கருஞ்சிவப்புப் பூவும் கொண்டது, அதுவும் குட்டைதான். படரும் ரகம் ஆறடிக்கும் மேல் ஓடும். மாடியில் முதல்முறை போடுபவர்கள் குட்டை ரகமே வாங்குங்கள். காற்றில் ஒடியாது, பராமரிக்கவும் எளிது.

2. எப்போது விதைப்பது

இதில் தவறினால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பலனில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி இது. பகலில் 18 முதல் 25 டிகிரி இருந்தால் மகிழ்ச்சியாக வளரும். 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து அடித்தால் பூப்பதை நிறுத்தும், இலை சிறுத்து மஞ்சளாகும்.

விதைத்து 45 முதல் 60 நாளில் பூக்கும். ஆகவே நம் ஊரில் குளிர் எப்போது உச்சம் என்று பார்த்து, அதிலிருந்து இரண்டு மாதம் பின்னோக்கி எண்ண வேண்டும். கோவையில் ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை நடுவரை, அதாவது நவம்பர் முழுவதும் விதைக்கலாம். மதுரை, திருச்சி பக்கம் நவம்பர் பிற்பகுதி. சென்னையில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும் என்பதால், நவம்பர் நடுவில் மழை படாத இடத்தில் முளைக்கவைத்து, மழை விட்டதும் வெயிலுக்கு நகர்த்துங்கள். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் பூ கிடைக்கும்.

மலையில் கணக்கு தலைகீழ். உறைபனி விழும் இடங்களில் டிசம்பர், ஜனவரிப் பனி செடியை ஒரே இரவில் கருக்கிவிடும். பனிக்காலம் முடிந்து விதைப்பதே அங்கு சரி.

ஏப்ரலில் விதை வாங்கிவிட்டேன், என்ன செய்வது என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். காகித உறையில் போட்டு, டப்பாவில் அடைத்து, ஐப்பசிவரை எடுத்து வையுங்கள். சித்திரை வெயிலில் நிழல்வலை கட்டி இதை வளர்க்கப் பார்த்த வகையில் எனக்கு வீணானது ஒரு பாக்கெட் விதை.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

விதையை ஊறவைத்த பிறகு மண் தேடக் கிளம்பினால் விதை கெடும். இவை கையில் இருக்கட்டும்:

தொட்டி: 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி, 12 அங்குலத்துக்கு மூன்று. குரோ பேக் போதும். அடியில் ஓட்டை நான்காவது இருக்க வேண்டும். ஓட்டை அடைபட்ட தொட்டிதான் இந்தச் செடிக்கு முதல் எதிரி.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ கழுவிய எம்-சாண்டோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு கைப்பிடி மண்புழு உரம். மாடித்தோட்டத்தில் வழக்கமாகப் போடும் 'பாதிக்குப் பாதி உரம்' கலவை இங்கே கூடாது. ஏன் என்பதை உரப் பகுதியில் சொல்கிறேன். போன பருவத்தில் கீரை எடுத்த பழைய தொட்டி மண் இருந்தால் அதுவே பொருத்தம். கிளறி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, கால்பங்கு மணல் சேர்த்தால் முடிந்தது.

ஒரு துண்டு கம்பி வலை: அணிலுக்காக. பட்டாணி அளவு விதை என்பதால் அணிலும் எலியும் தோண்டி எடுத்துவிடும். மூன்று நாள் கழித்து மண்ணில் பள்ளம் மட்டும் இருக்கும், முளைக்கவில்லை என்று நாம் விதைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இடம்: காலை வெயில் நாலைந்து மணி நேரம் படவேண்டும், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நிழல் வரவேண்டும். கிழக்குப் பார்த்த கைப்பிடிச் சுவர் ஓரம் நல்லது. மலையில் நாள் முழுக்க வெயில் படலாம். சமவெளியில் மேற்கு வெயில் ஆகாது.

4. ஊறவைப்பது ஒரு இரவு மட்டும்

விதையின் மேலோடு தக்கை போலக் கடினமாக இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் முளை கிளம்பும். அதனால் இரவு படுக்கப் போகும்முன் சாதாரணத் தண்ணீரில் போட்டு, காலையில் எடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும்.

அழுகிப்போனது என்று சொன்ன வீட்டில் மூன்று நாள் ஊறவைத்திருந்தார்கள். பயறு முளைகட்டுவதுபோல வால் வரட்டும் என்று காத்திருந்தார்களாம். மூழ்கிக் கிடக்கும் விதைக்கு மூச்சுவிட காற்றில்லை, அது புளித்து நாறத் தொடங்கும். காலையில் விதை கொஞ்சம் பருத்து, சுருக்கம் லேசாக விரிந்து தெரிந்தால் போதும்.

இரண்டு மூன்று வருடப் பழைய விதை என்றால், ஊறவைக்கும் முன் உப்புத்தாளில் ஒரு பக்கம் இரண்டு இழு இழுங்கள். மேலோடு மெலிந்தால் சரி, உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். புது விதைக்கு இது தேவையே இல்லை.

மிதக்கும் விதை சொத்தை என்ற கணக்கு இங்கே செல்லாது. தக்கை மேலோட்டின் காரணமாக நல்ல விதையும் முதலில் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிடாதீர்கள்.

5. ஊன்றுவது

வளரப்போகும் தொட்டியிலேயே நேராக ஊன்றுங்கள். நாற்றுத்தட்டில் போட்டுப் பிடுங்கி நடும் பழக்கம் இதற்கு ஒத்துவராது. வேர் மென்மையானது, அசைத்தால் அறுந்துவிடும். பிழைத்தாலும் பத்துப் பதினைந்து நாள் வளராமல் நிற்கும், நமக்கு இருப்பதோ மூன்று மாதக் குளிர்தான். மழைக்குப் பயந்து உள்ளே முளைக்கவைக்க வேண்டியிருந்தால் செய்தித்தாளில் சுருட்டிய கப்பில் விதையைப் போட்டு, பிறகு காகிதத்தோடு அப்படியே மண்ணில் இறக்குங்கள்.

ஆள்காட்டி விரலை முதல் கணுவில் பாதிவரை மண்ணில் அழுத்தினால் ஒன்று, ஒன்றரை செ.மீ. ஆழம் வரும். ஒரு குழிக்கு ஒரு விதை. மண்ணால் முழுதாக மூடுங்கள். நாஸ்டர்ஷியம் இருட்டில்தான் நன்றாக முளைக்கும், மேலே தெரிகிற மாதிரி விட்டால் வெளிச்சம் பட்டுத் தயங்கும். கீரை விதை மாதிரி தூவிவிட்டு மேலே லேசாக மண் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஊன்றியதும் பூவாளியால் ஒரு முறை நன்றாக நனைத்து, வலையை மேலே போட்டு, தொட்டியில் தேதி எழுதி வையுங்கள். தேதி எழுதாதவர்கள் ஐந்தாம் நாளே 'பத்து நாள் ஆச்சே' என்று தோண்டிப் பார்ப்பார்கள்.

6. முளையும் முதல் மூன்று வாரமும்

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் முளை தெரியும். அவரை போல வித்திலைகளைத் தலையில் சுமந்துகொண்டு வராது. வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், மேலே நேராகத் தண்டும் குட்டி வட்ட இலைகளும்தான் வரும். விதை ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று மண்ணைக் கிளறி அதைப் பிய்த்துவிட்டார் ஒருவர். அதிலிருக்கும் சேமிப்பில்தான் செடி முதல் இரண்டு வாரம் வாழ்கிறது.

முளை தெரிந்த அன்றே வலையைச் சற்று உயர்த்தி, தொட்டியை வெயில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் நான்கு நாள் கூடுதலாக இருந்தாலே தண்டு நூல் மாதிரி நீண்டு தலை சாயும்.

ஐந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து செடி புதராகும், பூக்கும் நுனிகளும் கூடும். கிள்ளிய நுனியை அப்படியே மென்று பாருங்கள், இந்தச் செடியின் முதல் ருசி அதுதான். படரும் ரகத்துக்குக் கிள்ளுவது கட்டாயமில்லை. அது பற்றுக்கம்பி விடாது, இலைக்காம்பையே வளைத்துச் சுற்றிக்கொண்டு ஏறும். அதனால் தடித்த மூங்கிலைவிட மெல்லிய கயிறோ வலையோ கட்டுவது நல்லது, காம்பு சுற்ற முடிகிற தடிமன் வேண்டும்.

7. தண்ணீர்: சாயந்தரம் பார்த்து ஊற்றுங்கள்

மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்ததும் ஊற்றினால் போதும். மார்கழியில் எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, சில வாரம் மூன்று நாளைக்கு ஒரு முறை. மாசியில் தினமும் தேவைப்படும்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினால் இலையெல்லாம் குடை மடக்கியதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட அகன்ற இலை வேகமாக ஆவியாக்குவதால் வரும் வாட்டம் அது. மண் ஈரமாகவே இருக்கும். சாயந்தரம் ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்துவிட்டால் செடிக்குக் குறையில்லை. சாயந்தரமும் தொங்கினால் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியின் அடி ஓட்டையைக் குத்தி விடுங்கள்.

வெந்ததுபோலச் சாய்ந்தது என்ற வீட்டில் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை என்று ஊற்றியிருந்தார்கள். தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் பழுப்பாகக் கையோடு வந்தது.

8. உரம்: போடாமல் இருப்பது எப்படி

கட்டுரையில் அதிகம் பேர் கேட்க விரும்பாத பகுதி இதுதான். மாடித்தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மீன் அமிலம், புதன்கிழமை பஞ்சகவ்யம், நடுவில் கடலைப் புண்ணாக்குக் கரைசல். கத்தரிக்கும் வெண்டைக்கும் அது அமிர்தம். நாஸ்டர்ஷியத்துக்கு ஊற்றினால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளங்கையைவிட அகலமான இலை வரும், நீளமான காம்பு வரும், தழை பார்க்கப் பசேல் என்று இருக்கும். தை போய் மாசி வந்தாலும் ஒரு மொட்டு இருக்காது.

காரணம் தழைச்சத்து. சத்து தாராளமாகக் கிடைக்கும்வரை இந்தச் செடி இலையையும் தண்டையும் பெருக்கிக்கொண்டே போகும். மண் கொஞ்சம் வறண்டு, சத்துக் குறைந்து, இனி நெடுநாள் ஓடாது என்று தெரிந்தால்தான் பூத்து விதை விடப் பார்க்கும். மீன் அமிலமும் புண்ணாக்கும் தழைச்சத்துச் சுரங்கங்கள். யூரியாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தொட்டி நிரப்பும்போது போட்ட அந்த ஒரு கைப்பிடி மண்புழு உரம் மூன்று மாதத்துக்கும் போதும். மனசு கேட்கவில்லை என்றால் பூக்கத் தொடங்கியபின் ஒரே ஒருமுறை கொஞ்சம் மரச்சாம்பலைத் தூவுங்கள். அதில் சாம்பல்சத்து உண்டு, தழைச்சத்து கிடையாது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள், இலை மட்டும் வருகிறது என்றால்? இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை தொட்டியின் அடியிலிருந்து வழியும்வரை தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். பெரிய இலைகளில் மூன்றில் ஒரு பங்கைப் பறித்துச் சமையலறைக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் உள்ளே விழும். நான் பார்த்தவரை மூன்று வாரத்தில் மொட்டு வந்தது. குளிர்க்காலம் மிச்சம் இருந்தால்தான் இந்த வைத்தியம் பலிக்கும்.

9. பூச்சி

அசுவினிதான் முதல் விருந்தாளி. கறுப்பாகவோ பச்சையாகவோ இலையின் அடியிலும் மொட்டின் கழுத்திலும் அப்பிக்கொண்டிருக்கும். மற்ற செடிக்கு வரும் அசுவினியை இழுக்கும் பொறிப்பயிராகவே இதைச் சிலர் வைப்பார்கள். ஆனால் சாப்பிட வளர்க்கும் தொட்டியும் பொறியாக வைக்கும் தொட்டியும் ஒன்றாக இருக்க முடியாது. காய்கறிக்குப் பக்கத்தில் பொறிக்கு ஒன்று, சமையலறைக்குத் தூரமாக மூன்று என்று பிரித்துவிடுங்கள்.

முதல் வேலை தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் அடிக்க வேண்டும். அடுத்தது எறும்பைத் தடுப்பது. அசுவினி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மேல் வைத்தால் எறும்பு ஏறாது, வேரிலும் தண்ணீர் நிற்காது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளரும்.

அசுவினிக் கூட்டத்துக்குள் முதலை மாதிரி கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு நடந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, உங்களுக்காக அசுவினியைத் தின்றுகொண்டிருக்கிறது.

வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம், லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து. ஆனால் அடித்தபின் ஒரு வாரம் அந்தச் செடியிலிருந்து பறிக்க முடியாது. வேம்பின் கசப்பு இதழில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு கழுவினாலும் போகாது. பூக்கத் தொடங்கியபின் நான் அடிப்பதேயில்லை.

இலையில் வெள்ளைக் கோலம் போட்டதுபோலக் கோடு ஓடினால் உள்ளே இலைத்துளைப்பான் புழு இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள். முட்டைக்கோஸைத் தின்னும் பச்சைப் புழுக்களுக்கும் இது பிடிக்கும், கையால் பொறுக்குவதே வழி. மாசியில் இலை மங்கி, அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். அது வந்துவிட்டால் பருவம் முடிகிறது என்று அர்த்தம்.

10. பறிப்பதும் கழுவுவதும்

இலையைப் பத்து ரூபாய் நாணயத்திலிருந்து அதன் இரட்டிப்பு அளவு வரை பறியுங்கள். உள்ளங்கை அளவு முற்றினால் காரம் ஏறி நாராகும். வெயில் ஏறிய நாட்களில் இலையும் கூடுதலாகக் காரும். பூவைக் காலை எட்டு மணிக்குள், அன்று விரிந்ததைப் பறிக்க வேண்டும். பறிக்கப் பறிக்கப் பூக்கும். விதைக்கு என்று ஒதுக்கிய கிளையைத் தவிர மற்றதில் பூவை வாடவிடாதீர்கள்.

கழுவுவதில் ஒரு சிக்கல். இந்த இலை தாமரை இலையின் கூட்டாளி. மேலே ஊற்றும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், இலை நனையவே நனையாது. குழாயடியில் காட்டிவிட்டுக் கழுவிவிட்டதாக நினைக்கிறோம், அடியில் அசுவினி அப்படியே இருக்கும். அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீரில் முழுதாக அழுத்தி, விரலால் இரண்டு பக்கமும் தடவிக் கழுவுங்கள்.

பூவில் பின்பக்கத்துக் குழலைப் பாருங்கள். அதில்தான் தேன் இருக்கிறது, எறும்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். குழலைப் பிரித்துப் பார்த்து உதறிவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் முக்கி எடுங்கள். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் நடுவிலிருக்கும் மகரந்தத் தாள்களைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் சாப்பிடலாம்.

ஈரத்துணி விரித்த டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில், இலை மூன்று நாலு நாள் தாங்கும். பூவுக்கு ஒரு நாள்தான்.

11. சமைக்காமல் சாப்பிடுவது

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், முருங்கை, பப்பாளி எல்லாம் இருக்கும் அதே தாவர வரிசையில்தான் இதுவும் வருகிறது. பப்பாளி விதையைத் தெரியாமல் கடித்திருப்பீர்கள், மூக்கில் ஏறும் ஒரு காரம் வருமே, அதே பொருள்தான் இதிலும் காரத்தைக் கொடுக்கிறது. இலை முழுதாக இருக்கும்போது அந்தக் காரம் உருவாவதில்லை. கடிக்கும்போதோ அரைக்கும்போதோ திசு உடைந்து, உள்ளிருக்கும் நொதி அதன் மூலப்பொருளோடு கலந்தால்தான் வரும். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும்.

ஆகவே இதை வதக்கக் கூடாது. 'கீரைதானே' என்று எண்ணெயில் வதக்கிக் கூட்டில் போட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: ஒரு ருசியும் இல்லை, கொழகொழ என்றிருக்கிறது. அவர்கள் சொன்னது சரி.

துவையல் செய்வதென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு கரண்டி உளுத்தம்பருப்பும் ஒரே ஒரு வற்றலும் வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். இலையே காரும் என்பதால் வற்றல் வழக்கத்தில் பாதி போதும். அரை மூடி தேங்காய்த் துருவல், கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேர்த்து அரையுங்கள். கடைசியில் பதினைந்து பச்சை இலையைப் போட்டு இரண்டே சுற்று. அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், காரம் ஆவியாகிப் போகும், மறுநாள் வெறும் தேங்காய்த் துவையல்தான் மிஞ்சும்.

தயிர்ப்பச்சடியில் வெள்ளரியோடு ஆறு இலையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். ஊறிய பாசிப்பருப்புக் கோசுமல்லிக்கு இது எலுமிச்சை போலவே கூட்டாளி. பூவைத் தோசைமேல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அடுப்பை அணைத்து, தோசையைத் தட்டுக்கு மாற்றியபின் வையுங்கள். கல்லிலேயே வைத்தால் ஆரஞ்சு இதழ் பழுப்புக் காகிதமாகிவிடும். என் வீட்டில் அதிகம் போவது இட்லிக்கு வைக்கும் கெட்டித் தயிரில் கிழித்துப் போட்ட இதழ்கள்.

முதல்முறை என்றால் ஒரு இதழ், ஒரு இலையோடு நிறுத்தி ஒரு நாள் பாருங்கள். கடுகு ஒவ்வாதவர்கள் தொட வேண்டாம். குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது, காரம் வயிற்றை உறுத்தும். மற்றவர்களுக்கும் இது கொத்தமல்லி மாதிரி மேலே தூவும் அளவுக்குத்தான். கட்டுக் கட்டாகத் தின்னும் கீரை அல்ல.

12. பச்சை விதை ஊறுகாய்

பூ உதிர்ந்ததும் மூன்று மூன்றாக ஒட்டிய பச்சை உருண்டைகள் வரும். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு விதை. நகத்தால் அழுத்தினால் சுலபமாக இறங்கும் பதத்தில் பறிக்க வேண்டும். மஞ்சள் ஏறி இறுகியதை விடுங்கள். முற்றிய விதையின் எண்ணெயில் எருசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுதி, தின்பதற்கு உகந்ததல்ல.

மேற்கத்திய நாடுகளில் வினிகரில் போடுவார்கள். நான் நம் பச்சை மிளகு ஊறுகாய் முறையில் போடுகிறேன். அரைக் கோப்பை விதையைப் பிரித்துக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து ஒரு பகல் ஓர் இரவு ஊறவிடுங்கள். மூடியைத் திறந்தால் முட்டைக்கோஸ் கெட்ட மாதிரி வாடை வரும். பயந்து கொட்டாதீர்கள், கந்தகச் சத்தின் வாடை அது, உப்புத் தண்ணீரை இறுத்தால் போய்விடும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இரண்டு தேக்கரண்டி உப்பும் விதை மூழ்கும்வரை எலுமிச்சைச் சாறும் ஊற்றுங்கள். விதை சாறுக்கு மேலே தலைகாட்டக் கூடாது, காட்டினால் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம். தயிர்சாதத்துக்கு நாலைந்து விதை தொட்டுக்கொண்டால் தாராளம்.

13. அடுத்த வருடத்துக்கு விதை

பூக்கிறது, விதை பிடிக்கவில்லை என்றால் மாடிக்குத் தேனீ வரவில்லை என்று பொருள். ஒரே பூவில் மகரந்தம் முதலில் முதிரும், சூலகத்தின் நுனி சில நாள் கழித்தே தயாராகும். புதிதாக விரிந்த பூவிலிருந்து மெல்லிய தூரிகையால் மகரந்தம் எடுத்து, மூன்று நாலு நாள் ஆன பூவின் நடுவில், நுனி மூன்றாகப் பிரிந்து நிற்கும் தண்டில் தடவுங்கள். புதுப் பூவிலேயே தடவிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

விதைக்கான கிளையில் பச்சை உருண்டை தானாக உதிரும்வரை கை வைக்காதீர்கள். தொட்டியைச் சுற்றிப் பழைய வேட்டி விரித்துவிட்டால் பொறுக்குவது சுலபம். நிழலில் இரண்டு வாரம் காயட்டும், பழுப்பாகி, தட்டினால் கணீரென்று சத்தம் வரவேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூசணம் பூத்துவிடும். காகித உறையில் ரகமும் வருடமும் எழுதித் தகர டப்பாவில் வையுங்கள். பல ரகம் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருந்தால் அடுத்த வருடம் நிறம் கலந்து வரும். எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு ஒரே நிறம் வேண்டுமென்றால் ஒரே ரகம் போடுங்கள்.

பங்குனியில் செடி மஞ்சளாகும்போது காப்பாற்றப் பார்க்காமல் வேரோடு பிடுங்கி மட்கவைத்துவிடுங்கள். நாம் பொறுக்கத் தவறிய விதைகள் சில பக்கத்துத் தொட்டிகளில் கிடக்கும். ஐப்பசி முதல் மழைக்கு மிளகாய்ச் செடியின் காலடியில் ஒரு குட்டி வட்ட இலை எழுந்து நிற்கும். இடம் மாற்றி நடத் தோன்றும்; விட்டுவிடுங்கள், மிளகாயோடு அதுவும் இருந்துகொள்ளும்.